நாங்க பல்பு வாங்கின கதை: பழைய டிரெட்மில் மோட்டாரும் அதன் கண்ட்ரோலரும்

வீட்டுல டிரெட்மில் வாங்கினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். முதல் மாசம் ஓடுவாங்க. ரெண்டாவது மாசம் நடப்பாங்க. மூணாவது மாசத்திலிருந்து அதுமேல ஈரத்துணி காயும். கடைசியில ஒரு நாள் காயலான் கடைக்கு வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்த ஒரு டிரெட்மில்லோட மோட்டாரைத்தான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வாங்கினோம்.

ப்ராஜெக்ட், மரக் கடைசலுக்கான சின்ன லேத். அதுக்கு வேகம் மாறிக்கிட்டே இருக்கணும். பம்பரம் மாதிரி சின்னத் துண்டை வேகமாச் சுத்தலாம். அகலமான கிண்ணத்தை மெதுவாத்தான் சுத்தணும், இல்லைன்னா விளிம்போட வேகம் எகிறி மரம் பிச்சுக்கிட்டுப் பறக்கும். சாதாரண சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் வேகத்தை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. டிரெட்மில் மோட்டாரில் முடியும். புதுசா வாங்கினா ஆகுற செலவுல ஒரு பங்குதான் பழசுக்கு. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

ஆனா மோட்டார் ஒழுங்கா ஓட எங்களுக்கு 3 வாரம் ஆச்சு. உண்மையில அந்தப் பழுதைப் பார்க்கத் தேவைப்பட்டது அரை மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருந்தோம். நடுவுல ஒருத்தன் ஷாக் அடிச்சுக்கிற நிலைமைக்கும் போயிட்டு வந்தான். நீங்களும் அதே மாதிரி அலைய வேண்டாம்னுதான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன இருக்கு?

டிரெட்மில்லோட முன்பக்க மூடியைக் கழட்டினா முக்கியமா மூணு சாமான் தெரியும். ஒன்று, கனமான ஃபிளைவீலோட ஒரு மோட்டார். இரண்டு, ஹீட் சிங்க் வைத்த ஒரு கண்ட்ரோலர் போர்டு. மூன்று, சில மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி தோற்றத்தில் இரண்டே ஒயரோடு ஒரு இரும்புக் கட்டி. அதுதான் சோக். மோட்டாருக்குப் போகும் கரண்ட் துண்டு துண்டாக இல்லாமல் கொஞ்சம் சீராக ஓடுவதற்காக அதை சீரீஸில் வைத்திருப்பார்கள். காயலான் கடையில் இதை இரும்பு விலைக்குப் பிரிச்சுப் போட்டுடுவாங்க. கிடைத்தால் விடாதீங்க, மோட்டாரோட சூடும் இரைச்சலும் குறையும்.

வீட்டு உபயோக டிரெட்மில்களில் அதிகமாக இருப்பது பெர்மனன்ட் மேக்னட் டி.சி. மோட்டார். வெளிப்பக்கம் காந்தம், உள்ளே சுத்துறது ஆர்மேச்சர், அதோட நுனியில் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டர், அதை இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் பிரஷ். "மிக்ஸி கார்பன் தேஞ்சிடுச்சு"ன்னு வீட்டுல சொல்லிக் கேட்டிருப்பீங்களே, அதே சமாச்சாரம்தான். மிக்ஸி மோட்டாரில் காந்தத்துக்குப் பதிலாகவும் ஒரு சுருள் இருக்கும், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

இந்த மோட்டாரைப் புரிந்துகொள்ள ஒரு வரி போதும்: வோல்டேஜ் வேகத்தை முடிவு பண்ணும், சுமை கரண்ட்டை முடிவு பண்ணும். ஆர்மேச்சர் சுத்தும்போது அதுவே ஒரு ஜெனரேட்டராகி எதிர் வோல்டேஜ் ஒன்றை உண்டாக்குகிறது. தேர்ட் செமஸ்டரில் படித்த பேக் இ.எம்.எஃப். இதுதான். வேகம் ஏற ஏற அது கூடும். கொடுத்த வோல்டேஜை அது கிட்டத்தட்டத் தொட்டதும் வேகம் அங்கேயே நிற்கும்.

எங்க மோட்டாரோட பெயர்த் தகட்டில் 180 வோல்ட் டி.சி., 8 ஆம்பியர், 4000 ஆர்.பி.எம்., 2 எச்.பி. என்று இருந்தது. அப்படியென்றால் ஒரு வோல்ட்டுக்கு சுமார் 22 ஆர்.பி.எம். 12 வோல்ட் பேட்டரியில் போட்டால் சுமார் 267 ஆர்.பி.எம். வரணும். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

எச்.பி.யை மட்டும் அப்படியே நம்பாதீங்க. 180 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் 1440 வாட்ஸ். அது உள்ளே போகும் பவர். 80 சதவீதம் எஃபிஷியன்சி என்று வைத்தாலும் வெளியே வருவது 1152 வாட்ஸ், அதாவது ஒன்றரை எச்.பி. டிரெட்மில் தகடுகளில் எழுதியிருப்பது பல நேரம் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு. வோல்ட்டும் ஆம்பியரும் எழுதியிருந்தால் அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வதுதான் சரி.

நாங்க செய்த தப்பு

காயலான் கடையில் அந்த அண்ணன் மோட்டார் ஒயரை ஒரு பழைய பேட்டரியில் தொட்டுக் காட்டினார். சுத்துச்சு. "பாத்துக்க தம்பி, பக்கா கண்டிஷன்" என்றார். நாங்களும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்துட்டோம்.

கூடவே அதன் பழைய கண்ட்ரோலர் போர்டையும் கொடுத்தார். ஆனா கைப்பிடிக்கு மேலே டிஸ்ப்ளேயோடு இருக்குமே, அந்தக் கன்சோல் இல்லை. சப்ளை கொடுத்தால் ரிலே 'டக்'குன்னு ஒரு சத்தம் போடும், அதோட சரி. காரணம் எளிது. பெரும்பாலான போர்டுகளுக்கு "இந்த வேகத்துல ஓடு" என்று சிக்னல் அனுப்புவது கன்சோல்தான். அது இல்லாத போர்டு, சமையல்காரர் இல்லாத கல்யாண மண்டபம் மாதிரி.

யூடியூபில் பார்த்தால் ஒரு குமிழை மாட்டி அழகாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அவற்றில் நிறைய வீடியோக்களில் வருவது எம்.சி.60 என்ற அமெரிக்க போர்டு. அது 120 வோல்ட் சப்ளைக்கானது, நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரா சொருகினால் புகைதான். எம்.சி.2100 என்ற இன்னொரு வகைக்குக் குமிழ் நேரடியாக வேலை செய்யாது, அதுக்கு பல்ஸ் சிக்னல் அனுப்பணும். வீடியோவில் இருப்பதும் உங்க கையில் இருப்பதும் ஒரே போர்டா என்று பார்க்காமல் ஒரு ஒயரைக்கூட மாட்டாதீங்க.

டிம்மரும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரும் போட்டால் மலிவா முடியும் என்று டீமில் ஒரு யோசனை வந்தது. கணக்குப் போட்டோம். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் சராசரி 207 வோல்ட். கெப்பாசிட்டரும் சேர்த்தால் 325 வோல்ட் வரை ஏறும். குமிழை முழுசாகத் திருப்பினால் 180 வோல்ட் மோட்டாரின் கதி என்ன ஆகும்? அதோடு, உளியை மரத்தில் வைத்து அழுத்தும்போது வேகம் குறைந்தால் அதை உணர்ந்து சரிசெய்ய டிம்மருக்குத் தெரியாது. அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 230 வோல்ட் உள்ளே, 180 வோல்ட் டி.சி. வெளியே என்றிருக்கும் ஒரு தைரிஸ்டர் டிரைவ் வாங்கினோம். முழு ப்ராஜெக்டிலும் அதிக விலை அதற்குத்தான்.

மாட்டி, குமிழைத் திருப்பினோம். மோட்டார் ஒரு உதறு உதறி நின்றது. திரும்ப ஒரு உதறு. கொஞ்சம் ஓடும், பிறகு விக்கும். முதல் ரிவ்யூவுக்கு 10 நாள்தான் இருந்தது. காயலான் கடையில்தான் மோட்டார் சுத்துச்சே, அப்ப டிரைவ்தான் போச்சு என்று நாலு பேரும் ஒரே மனசாக முடிவு செய்தோம். ஒரு வாரம் அதன் டிரிம் பாட் எல்லாத்தையும் திருகிப் பார்த்துவிட்டு, சண்டை போடும் மூடில் கடைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணன் எதுவும் பேசலை. டிரைவோட அவுட்புட்டில் மோட்டாருக்குப் பதிலாக ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டினார். குமிழைத் திருப்பினார். பல்பு மெதுவாக, ஒரு விக்கலும் இல்லாமல் பிரகாசமானது. திரும்பக் குறைத்தார், மங்கியது. "டிரைவ் நல்லாத்தான் இருக்கு. மோட்டாரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நாலு எதிர்கால இன்ஜினியர்களும் அன்று வாங்கினது பெரிய பல்பு.

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் செய்ததுதான் பழுது பார்ப்பதன் முழு சாரமும். இரண்டு பொருளைச் சேர்த்து வைத்து ஓடவில்லை என்றால், எது மேல் தப்பு என்று யூகிக்கக் கூடாது. பிரிக்கணும். மோட்டாரைத் தனியாக, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சப்ளையில் சோதிக்கணும். கண்ட்ரோலரைத் தனியாக, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சுமையில் சோதிக்கணும். இரண்டும் பாஸ் ஆன பிறகுதான் சேர்க்கணும்.

மோட்டாரைத் தனியாக: முதலில் கரண்ட் இல்லாமலே

எங்க மோட்டாரிலிருந்து 4 ஒயர் வந்தன. தடிமனான சிவப்பு, கறுப்பு இரண்டும் ஆர்மேச்சருக்கு. மெல்லிய நீல ஒயர் இரண்டு தனியாக இருந்தன. அவை சூட்டைக் கண்காணிக்கும் தெர்மல் ஸ்விட்ச். மோட்டார் குளிர்ந்திருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டணும், அதிகமாகச் சூடானால் தொடர்பு அறுந்துவிடும். இதில் ஒருபோதும் நேரடியாக சப்ளை கொடுக்காதீங்க, ஷார்ட் ஆகிவிடும். டிரைவை நிறுத்தும் சர்க்கியூட்டில் சீரீஸாக இணைக்க வேண்டியது இது. நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. பேட்டரிகூட வேண்டாம். சிவப்பையும் கறுப்பையும் ஒன்றோடொன்று தொடாமல் வைத்துக்கொண்டு ஃபிளைவீலைக் கையால் சுழற்றுங்க. லேசாகச் சுத்தும். இப்போது இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிட்டுச் சுழற்றுங்க. இட்லி மாவுக்குள் சுத்துகிற மாதிரி இறுக்கமாக இருக்கணும். கையால் சுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகிறது. ஒயர்களை இணைத்ததும் அதில் கரண்ட் ஓடுகிறது, அந்தக் கரண்ட்டே பிரேக் பிடிக்கிறது. இரண்டு தடவையும் ஒரே மாதிரி லேசாகச் சுத்தினால் உள்ளே சர்க்கியூட் எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது கார்பன் கம்யூட்டேட்டரைத் தொடவில்லை என்று பொருள்.

எங்க மோட்டாரில் என்ன ஆச்சு தெரியுமா? சில இடங்களில் பிரேக் பிடித்தது, சில இடங்களில் சட்டென்று விட்டுவிட்டது. காயலான் கடையில் அது சுத்தினதை மட்டும் பார்த்தோம், எப்படிச் சுத்துச்சுன்னு பார்க்கலை.

மூன்றாவதாக ஓம் அளவு. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே எங்க மோட்டாரில் சுமார் 1.5 ஓம் வரணும். ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, அளக்கணும். திருப்பிக்கொண்டே அளந்தால் மோட்டார் உண்டாக்கும் வோல்டேஜ் மீட்டரைக் குழப்பும். சில நிலைகளில் எங்களுக்கு 30, 40 ஓம் என்று எகிறியது. சந்தேகம் ஊர்ஜிதம்.

நான்காவதாக, ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கவே கூடாது. மல்டிமீட்டரில் திறந்த சர்க்கியூட்டாகக் காட்டணும். லேபில் மெக்கர் இருந்தால் 500 வோல்ட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்க. கார்பன் தூள் உள்ளே படிந்து பாடிக்குப் பாதை போட்டிருந்தால் மல்டிமீட்டர் கோட்டை விடும், மெக்கர் பிடித்துவிடும்.

இதற்கப்புறம் கார்பன் மூடிகளைக் கழட்டினோம். ஒரு பக்கத்து கார்பன் சொருகுப் பெட்டிக்குள் தூளும் பிசுக்கும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. ஸ்பிரிங் தள்ளினாலும் நகரவில்லை. அது கம்யூட்டேட்டரைத் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. குறைந்த வோல்டேஜில் சும்மா சுத்த அது போதும். நிஜமான கரண்ட் போகும்போது போதாது, அதான் உதறல்.

கழட்டும்போதே எந்த கார்பன் எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று மார்க் பண்ணிக்கோங்க. அதன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தகுந்த மாதிரி தேய்ந்திருக்கும், திருப்பிப் போட்டால் பொருந்தாது. சொருகுப் பெட்டியைத் துடைத்தோம். கம்யூட்டேட்டரை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். எமரி ஷீட் வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே தங்கினால் தொல்லை. பட்டைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் இருந்த தூளை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தோம். கார்பன் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வர ஆரம்பித்தது.

கடைசியாக 12 வோல்ட் பேட்டரி. நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு இணைத்தோம். விக்கல் இல்லாமல் சுத்தியது. லேபில் இருந்த டாக்கோமீட்டரில் 250க்கும் 260க்கும் நடுவே காட்டியது. கணக்கு சொன்னது 267. கார்பனிலும் பேரிங்கிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் சரியாகவே வருகிறது. இப்பதான் "மோட்டார் நல்லா இருக்கு" என்று சொல்ல எங்களுக்கு உரிமை வந்தது.

இன்னொரு எச்சரிக்கை. நிறைய டிரெட்மில் மோட்டார்களில் ஃபிளைவீல் ஷாஃப்டில் மரையால் திருகி மாட்டப்பட்டிருக்கும். மோட்டார் அதற்குரிய திசையில் சுத்தினால் அது இறுகிக்கொண்டே போகும். ஒயரை மாற்றி எதிர்த் திசையில் ஓட்டினால் கழன்று வரலாம். சில கிலோ இரும்பு முழு வேகத்தில் கழன்று வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திசை மாற்றணும்னா முதலில் ஃபிளைவீல் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்க.

கண்ட்ரோலரைத் தனியாக

பழைய போர்டு எதையும் முதல் தடவை நேராக பிளக்கில் சொருகக் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் போர்டு தெரியுமில்லையா? சப்ளைக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், போர்டு தப்பிக்கும். ஏனென்றால் 100 வாட்ஸ் பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது. ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, குண்டு பல்புதான் வேணும்.

அடுத்து அவுட்புட்டில் மோட்டாருக்குப் பதிலாக பல்பு. சும்மா மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் தைரிஸ்டரின் லீக்கேஜே மீட்டரை ஏமாற்றி வோல்டேஜ் காட்டிவிடும். சுமை இருக்கணும். பல்பு எரியும்போதே மீட்டரை டி.சி. நிலையில் வைத்து, குமிழை முழுசாகத் திருப்பி, மேக்ஸ் என்ற டிரிம் பாட்டை 180 வோல்ட்டில் நிறுத்தினோம். கரண்ட் லிமிட், தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் தகுந்தபடி. ஐ.ஆர். காம்பென்சேஷன் என்று ஒன்று இருக்கும். சுமை கூடும்போது வேகம் விழாமல் வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. அதை ரொம்பக் கூட்டினால் மோட்டார் ஊஞ்சல் மாதிரி வேகம் கூடிக் குறையும். கீழிருந்து மெதுவாக ஏற்றணும்.

டிரைவ் ஏன் குமிழை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டு வரச் சொல்கிறது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கு. நிற்கும் மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். கிடையாது. 180 வோல்ட்டை 1.5 ஓமில் நேரடியாகக் கொடுத்தால் 120 ஆம்பியர். தைரிஸ்டருக்கும் ஃபியூஸுக்கும் அதுதான் கடைசி நாள்.

மூணு ஒயர்க் குமிழ்

மோட்டார் ஓடத் தொடங்கி நாலாவது நாள் சாயங்காலம். குமிழைப் பாதியில் வைத்திருந்தோம். திடீரென்று மோட்டார் முழு வேகத்துக்கு எகிறியது. நண்பன் பதறிப்போய் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். ஒன்றும் ஆகலை, அதே வேகம். இன்னொருத்தன் பிளக்கைப் பிடுங்கினான். நல்லவேளை, சக்கில் மரம் இல்லை.

குமிழ் என்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதற்கு 3 கால். ஒரு ஓரத்துக்கு டிரைவ் ஒரு சின்ன வோல்டேஜ் கொடுக்கிறது, 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மறு ஓரம் காமன், அதாவது 0. நடுக்கால் இரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறதோ அந்த வோல்டேஜை டிரைவுக்குத் திருப்பி அனுப்பும். அதுதான் வேகக் கட்டளை.

இப்போ ஒவ்வொரு ஒயராக அறுத்துப் பாருங்க, மனசுக்குள்ளதான். 10 வோல்ட் ஒயர் அறுந்தால் நடுக்காலில் 0 வரும், மோட்டார் நிற்கும். நல்லது. காமன் ஒயர் அறுந்தால்? குமிழுக்குள் கரண்ட்டே ஓடாது, எங்கே திருப்பினாலும் நடுக்காலில் முழு 10 வோல்ட். மோட்டார் முழு வேகம். எங்களுக்கு நடந்தது இதுதான். லேத் அதிர்ச்சியில் காமன் காலின் சால்டரிங் விட்டுப் போயிருந்தது. ஓரக்கால் இரண்டையும் மாற்றி மாட்டினால் எல்லாம் தலைகீழ், பூஜ்யத்தில் முழு வேகம்.

அன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டோம்: குமிழ் வேகத்துக்குத்தான், நிறுத்துவதற்கு இல்லை. நிறுத்த, மெயின் சப்ளையையே வெட்டும் சிவப்புக் காளான் ஸ்விட்ச் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வைத்தோம். ரிவ்யூவில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அதற்குத்தான்.

சின்ன வோல்டேஜ்னு நம்பாதீங்க

மேலே சொன்ன சம்பவத்துக்கு அப்புறம் பிளக்கைத் திரும்ப சொருகி, "10 வோல்ட்தானே, ஓடும்போதே ஒயரை அழுத்திப் பார்க்கிறேன்" என்று நண்பன் விரலைக் கொண்டு போனான். லேப் அண்ணா கையைத் தட்டிவிட்டார். "எர்த்துக்கு அளந்து பாருடா" என்றார். குமிழின் காமன் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தோம். கிட்டத்தட்ட 100 வோல்ட் டி.சி.!

எப்படி? இந்த வகை டிரைவுகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது. குமிழின் காமன், ரெக்டிஃபயரின் நெகட்டிவோடு நேராக இணைந்திருக்கும். அந்த நெகட்டிவ் நியூட்ரலில் நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் நியூட்ரலோடும், மறுபாதி நேரம் ஃபேஸோடும் ஒட்டிக்கொள்கிறது. எர்த்திலிருந்து பார்த்தால் அது 325 வோல்ட் வரை போய் வரும் ஒரு அரை அலை, அதன் சராசரிதான் மீட்டர் காட்டிய 100. இரண்டு காலுக்கு நடுவே 10 வோல்ட்தான். ஆனா நீங்க நிற்பது எர்த்தில். உங்களுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே இருப்பது மெயின் சப்ளை.

இதே காரணத்தால்தான் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை இந்தப் போர்டில் மாட்டக் கூடாது. அந்த கிளிப் எர்த்தோடு இணைந்தது. மாட்டிய நொடியில் ஷார்ட். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ டிஃபரென்ஷியல் ப்ரோபோ இல்லாமல் ஸ்கோப் பக்கமே போகாதீங்க. குமிழுக்கு பிளாஸ்டிக் தலை, மோட்டார் பாடிக்கும் லேத் சட்டத்துக்கும் எர்த், சப்ளையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூணும் இல்லாமல் நாங்க இப்போ சுவிட்ச் போடுறதில்லை.

டிரெட்மில்லோட பழைய போர்டுகளில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 470 மைக்ரோ ஃபாரட், 325 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 25 ஜூல். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும்.

அறிகுறியும் காரணமும்

ஓடுது, சில நொடியில் தானா நிக்குது: பழைய போர்டாக இருந்தால் ஸ்பீடு சென்சார் பல்ஸ் வரவில்லை. காந்தம் விழுந்திருக்கும், அல்லது சென்சார் விலகியிருக்கும்.

உதறி உதறி ஓடுது: முதலில் கார்பன், கம்யூட்டேட்டர். அப்புறம் ஐ.ஆர். காம்பென்சேஷன் கூடுதலா என்று பாருங்க.

ஆன் பண்ணதும் முழு வேகம்: மோட்டாரைக் கழட்டி பல்பு மாட்டுங்க. பவரை அணைத்துவிட்டு குமிழைக் கழட்டி, நடுக்கால் டெர்மினலையும் காமனையும் இணைத்துவிட்டு ஆன் பண்ணுங்க. பல்பு அணைந்திருந்தால் தப்பு குமிழில். அப்பவும் எரிந்தால் பவர் டிவைஸ் ஷார்ட்.

ஒன்றுமே நடக்கலை: ஃபியூஸ், தெர்மல் ஸ்விட்ச். சில போர்டுகளில் சோக்குக்கு என்று இரண்டு டெர்மினல் இருக்கும், அதைக் காலியாக விட்டால் சர்க்கியூட் முழுமையாகாது.

மெதுவான வேகத்தில் ரொம்ப நேரம் ஓட்டினால் கொதிக்குது: மோட்டாரின் விசிறியும் அதே ஷாஃப்டில்தான் இருக்கு, மெதுவாகச் சுத்தினால் காற்றும் குறைவு. புல்லி விகிதத்தை மாற்றி மோட்டாரை வேகமாகவும் லேத்தை மெதுவாகவும் ஓட விடுங்க. மரத்தூள் உள்ளே போகாமல் ஒரு தடுப்பும் வையுங்க.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகுது: ஃபியூஸ் ஒயரை இன்னும் தடிமனாக்காதீங்க. அது சொல்ல வருவதைக் கேளுங்க.

எங்க லேத் இப்போ ஓடுது. முதலில் கடைந்தது ஒரு பம்பரம், கொஞ்சம் கோணல்தான். அந்த 100 வாட்ஸ் குண்டு பல்பு இப்பவும் எங்க பெஞ்சு மேலே ஒரு ஹோல்டரில் தொங்குது. ஜூனியர் யாராவது "அண்ணா, கண்ட்ரோலர் போச்சு" என்று வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறோம். வேலையை ஆரம்பிக்கும் முன்னாடியே ஒரு பல்பு வாங்கிடுங்க. முடிவில் வாங்க வேண்டி வராது.